ஔ எழுத்து அறையில் இருந்த வெற்றிலை

அணா போய் நயாபைசா வந்த புதிது. ஒரு காலை காபி குடித்தபோது, பழைய செப்புக்காசை வாயில் அடக்கிக்கொண்டதுபோல ஒரு ருசி. மனைவியிடம் சொன்னேன். "பால் நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஒரு கணம் அவள் மீதே சந்தேகம் வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்.

புதுக்கோட்டையில் சிறியதாக ஓர் அச்சகம் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடிப்போம். வேலைக்கு மூன்று பேர். காகிதம் பறக்கிறது என்று சொல்லி ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தேன். உண்மையில், அவர்கள் தெருவை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அச்சுக்கோப்பவர் முத்தையா வல்லத்திராக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி சேர்ப்பது அவர் வேலை. ஔ எழுத்து எங்களுக்கு என்றைக்காவதுதான் தேவைப்படும். அதனால் அந்த அறையில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார். நானும் தினம் நாலைந்து தடவை அதில் கை விடுவேன்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கியபோது முத்தையா அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்துகள் அவர் கையிலிருந்து நழுவின.

"என்னப்பா, முகூர்த்தம் வந்தா மட்டும் ஒனக்கு வயித்துவலி வந்துருது?" என்றேன்.

"நெசமாத்தான் வலிக்குதுங்க மொதலாளி. கையும் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. ரெண்டு நாள் லீவு குடுத்தீங்கன்னா..."

கொடுக்கவில்லை. எதிர் அச்சகத்துக்காரன் ஆளை இழுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்து நாளில் எனக்கும் குடல் முறுக்கியது. முகம் வெளுத்தது, மலம் இறங்கவில்லை. அப்போதுதான் என் புத்தி வெற்றிலைக்குப் போனது. இடுமருந்து (பகைத்தவருக்கு உணவில் ரகசியமாகக் கலந்து கொடுப்பதாக நம்பப்படும் மருந்து)! லீவு கொடுக்காத கோபத்தில் வைத்துவிட்டான் என்று நினைத்தேன். முத்தையாவை அன்றே நிறுத்தினேன். இலுப்பூர்ப் பக்கம் மருந்து எடுப்பவர் ஒருவர் என்னை வாந்தியெடுக்க வைத்து, கரியதாக ஓர் உருண்டையைக் காட்டினார். அதைக் கடைவீதி முழுக்கச் சொன்னேன்.

மருந்து எடுத்தும் வலி கூடியது. முத்தையா இல்லாததால் நானே எழுத்துக் கோத்தேன். பின்கட்டில் தேய்ந்த எழுத்துகளை இரும்புச் சட்டியில் உருக்கியதும் நான்தான். கடைசியில் நிற்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே உதட்டைத் தூக்கச் சொன்னார். ஈறில், பல் ஓரமாக, நீலக் கறுப்பில் ஒரு கோடு.

"என்ன தொழில் பண்றீங்க?"

சொன்னேன். ஈய நஞ்சு (ஈயத் தூளும் புகையும் உடம்பில் சேர்ந்து குடலையும் ரத்தத்தையும் நரம்பையும் கெடுப்பது) என்றார். நான் விடவில்லை.

"வெத்தலையில ஒருத்தன் வச்சுட்டான் டாக்டர்."

"அந்த வெத்தலைய எங்க வச்சிருந்தீங்க?"

முத்தையாவையும் அவருடைய எழுத்துப் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கால்சியம் ஊசி, பால், ஓய்வு. மூன்று வாரத்தில் நடமாடினேன். முதலில் போனது வல்லத்திராக்கோட்டைக்குத்தான். முத்தையாவின் மனைவி வாசலை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து அவரே வந்தார். உதட்டைத் தூக்கச் சொன்னேன். அதே கோடு, என்னுடையதைவிடக் கறுப்பு. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது (நரம்பு பாதிக்கப்பட்டால் கையை நிமிர்த்த முடியாது). டாக்டர் சொன்னதை இருவருக்கும் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு மருந்து வச்சாருன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. இப்பச் சொல்லுங்க, வச்சது யாரு?" என்றார் அந்தம்மா.

"நான்தாம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கடைவீதியில் அதே கடைகளுக்குப் போய், சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். உருக்கும் வேலையை நிறுத்தினேன். கிணற்றடியில் சோப்பு வைத்தேன். உங்களிடம் வேலை பார்ப்பவர் வயிற்றுவலி என்றால், பொய்யா என்று பார்க்கும் முன் ஈறைப் பாருங்கள். பிறகு உங்கள் ஈறையும் பாருங்கள்.

எட்டு மாதமாகிறது. என் கோடு மங்கிவிட்டது. ஆனாலும் தினமும் கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ஊரையே சந்தேகப்பட்டவன், இப்போது என் உடம்பை நம்புவதில்லை.

முத்தையா ஜன்னலோரம் உட்கார்ந்து பிழை திருத்துகிறார். வெற்றிலைப் பெட்டி வெளியே மாடத்தில் இருக்கிறது. "கையக் கழுவிட்டீங்களா மொதலாளி?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். இடது கையால் தரக் கூடாதாம். தொங்கும் வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு நீட்டுவார். நான் உடனே வாங்குவதில்லை. கை முந்தைய மாதத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேற்று நிமிர்ந்திருந்ததுபோலத்தான் தெரிந்தது.