சோப்பு போடும் முன்

இன்று காலை கிணற்றில் இறைத்த வாளியில் டீசல் வாடை அடித்தது. பாறசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி ஓடும் ஓடையில் சிறுவயதில் நாங்கள் குடிக்கவே நீர் எடுத்தோம். மேலே கடவுப் படித்துறையில் துணி துவைக்கும் லில்லி அக்கா சோப்பைத் தொடும் முன், “சோப்பு போடப்போறேனாக்கும், குடத்த எடுத்துக்கோ மக்கா” என்று கூவுவாள், நாங்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நுரை கடந்து நீர் தெளியும்வரை வழுக்குப் பாறையில் நிற்போம்.

இன்று அந்தக் கடவின்மேல் அடுக்குமாடி. நூறு குடும்பம், அறைக்கு அறை ஏசி, மின்சாரம் போனால் உறுமும் ஜெனரேட்டர், அதன் கழிவெண்ணெயும் சாக்கடையும் சேர்ந்து ஓடையில் விழ ஒரே குழாய். கேட்கப் போனேன்.

“வெள்ளம் கீழதானே சேச்சி ஓடும்” என்று குழாய்த் தண்ணீரைக் காட்டிச் சொன்னார் குடியிருப்புச் செயலாளர்.

ஒரு கட்டி சோப்புக்கே கூவினாள் லில்லி அக்கா. இத்தனையையும் இறக்கிவிடுகிற நூறு வீட்டில், குடத்தை எடு என்று சொல்ல ஒரு வாய் இல்லை.