கப்பிக் குட்டிகள் பிறந்த புரட்டாசி

கப்பி மீன் தான் போட்ட குட்டியைத் தானே தின்னும் என்று எனக்கு முதலில் சொன்னவர் வண்ணமீன் கடை மகேஷ். போன ஆவணியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். வீட்டில் மீன்தொட்டி வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்கு இது புதுசில்லை. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் மகள் சுமதி, ஐந்தாம் மாதம் கரு கலைந்து, உடம்பு தேற எங்களிடம் வந்திருந்தாள். யாரோடும் பேச்சில்லை. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்தத் தொட்டியில்தான் ஒரு கப்பி வயிறு புடைத்து நின்றது.

தனிப் பெட்டி

அவள் கண் முன்னால் அது நடக்கக் கூடாது. மகேஷிடம் காரணத்தைச் சொல்லவில்லை. "ஏதாவது வழி சொல்லுப்பா" என்று மட்டும் கேட்டேன். அவர் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கொடுத்தார். அடியில் இடுக்கு இருக்கும். தாய் மீனை அதில் விட்டால், குட்டிகள் இடுக்கு வழியே கீழ்த்தட்டில் விழுந்துவிடும், தாய்க்கு எட்டாது.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சில்லறை கொடுக்கும்போது சொன்னார்: "அதுக்குத் தன் பிள்ளைன்னே தெரியாதும்மா. சின்னதா எது அசைஞ்சாலும் தீனின்னு நினைச்சுக்கும். பாவம், அதை வையாதீங்க."

மஞ்சள் கரு

புரட்டாசியில் குட்டிகள் பிறந்தன. கண்ணும் வாலும் மட்டும்தான் தெரிந்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து, துளித்துளியாகப் போடச் சொல்லியிருந்தார் மகேஷ். புரட்டாசி மாதம் எங்கள் வீட்டு வாசலைக்கூட முட்டை தாண்டாது. பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஜெயம்மாவிடம் போய் நின்றேன். அவரே அவித்து, பிழிந்து, டப்பா மூடியில் வைத்துக் காம்பவுண்டு சுவருக்கு மேலாக நீட்டுவார்.

ஒருநாள் நான் கை நீட்டுவதற்குள் சுமதி வந்து அந்த மூடியை வாங்கிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவளாக எழுந்து செய்த முதல் வேலை அது. ஜெயம்மாவும் கவனித்துவிட்டார். ஆனாலும் கவனிக்காதவர் மாதிரி சத்தமாகச் சொன்னார்: "ஏன்ரீ, உங்க பெருமாளுக்கு முட்டை ஆகாது, உங்க மீனுக்கு முட்டை இல்லாம ஆகாது. நடுவுல என் அடுப்புதான் மாட்டிச்சா?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு வீட்டில் எந்த இயந்திரமும் குளிக்காமல் இருக்கக் கூடாது அவருக்கு. ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின் எல்லாம் முடித்துவிட்டு, நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மீன்தொட்டி மோட்டாரையும் தண்ணீர் வடிகட்டும் அதன் ஸ்பாஞ்சையும் கழற்றிவிட்டார். சோப்புப் போட்டு வெளுக்கத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மோட்டாரின் தலைப்பக்கம் சந்தனமும் குங்குமமும் இட்டு, பக்தியாகத் திரும்ப மாட்டினார்.

இரண்டொரு நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. குட்டிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. பதறிப்போய் மகேஷுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ஸ்பாஞ்சு அழுக்குல இருந்த நல்ல கிருமிதாம்மா தண்ணியைக் காப்பாத்திட்டிருந்தது. அதைப் போய்க் கழுவிட்டீங்களே."

அதே கேள்வி

தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார் என் வீட்டுக்காரர். "நல்லதுன்னுதானே செஞ்சேன், நான் என்ன தப்புப் பண்ணேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்குச் சுமதியை நினைத்துத்தான் பயம். அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது அதைத்தானே. கனமாக எதையாவது தூக்கினாயா, பப்பாளி தின்றாயா, வண்டியில் போனாயா என்று. குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக்குள் அவள் அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டு அழுததும் என் காதில் விழுந்திருக்கிறது.

அவள் எழுந்தாள். செடிக்கு ஊற்ற முந்தின நாளே பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரில், உயிரோடிருந்த குட்டிகளைக் கரண்டியால் மொண்டு மொண்டு விட்டாள். செத்தவற்றைத் துளசி மாடத்தின் ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தாள். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அதையே கேட்டுக்கிட்டு உட்காராதீங்கப்பா. நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டேன், பதில் வரலை. எந்திரிங்க, இதுங்களுக்குத் தீனி வைக்கணும்."

அன்று பிழைத்தவை வளர்ந்து, குட்டி போட்டு, இப்போது தொட்டி கொள்ளாமல் பெருகிவிட்டன. வேண்டும் என்கிறவர்கள் மூடி போட்ட பாட்டிலோடு வாருங்கள், எத்தனை வேண்டுமானாலும் சும்மாவே தருகிறேன். கதவைத் திறப்பது சுமதியாக இருந்தால், விசேஷம் ஏதாவது உண்டா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.