எரர் வந்தால் அணைத்துவிடும் பாவா

அந்த லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் பாவா கட்டைவிரலைப் பவர் பட்டன் மேலேயே வைத்திருப்பார். கறுப்புத் திரையில் 'ஃபர்ம்வேர் பக்', 'ஏசிபிஐ எரர்' என்று வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி ஓடும். எரர் என்ற சொல் கண்ணில் பட்டதுமே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார். அதற்கு அப்பால் என்ன வரும் என்று அவர் பார்த்ததே இல்லை.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணியில் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி ஓட்டுகிறார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தாலும் அந்த நொடியே தறியை நிறுத்தியாக வேண்டும், விட்டால் துணி பாழ். கையில் ஊறிப்போன அந்தப் பழக்கத்தோடு லேப்டாப்பிடமும் வந்தால் என்ன செய்வது? எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்கா சேலை பார்டர் வரைவதற்காகப் பழைய லேப்டாப் ஒன்றில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அவள் அந்த வரிகளை ஒருநாளும் சட்டை செய்ததில்லை. அவள் இறந்துபோன பிறகு, அவள் வரைந்த பார்டர்கள் அத்தனையும் அதற்குள் மட்டுமே இருந்தன.

"அது செத்துகினு இருக்குதும்மா. அவ வரைஞ்சதெல்லாம் அதோட போயிடும்" என்று பாவா போனில் சொன்னபோது சிரிப்பு அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ரயிலேறினேன்.

"இதெல்லாம் ஒண்ணும் இல்ல பாவா, கண்டுக்காதீங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"உங்க அக்காவும் இப்படித்தான் சொல்லிகினு இருந்தா. இன்னாடி வயித்து வலின்னா, ஒண்ணும் இல்லம்பா. நானும் சரின்னு தறி ஓட்டிகினு இருந்தேன்."

சமாதானம் சொல்வதை விட்டுவிட்டு, பட்டனிலிருந்து கையை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வரிகள் ஓடின, லேப்டாப் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. அந்த வரிகளை மறுபடி திரைக்கு வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். லேப்டாப்பைச் செய்தவர்கள் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஏசிபிஐ என்ற பெயரில் ஒரு விவரம் எழுதி வைக்கிறார்கள். அது விண்டோசை மனதில் வைத்து அரைகுறையாக எழுதியது. லினக்ஸ் அதைப் படித்து, இங்கே தப்பு, அங்கே தப்பு என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அணைத்து அணைத்துப் போடுவதுதான் ஆபத்து. படங்களெல்லாம் இருக்கும் டிஸ்க் பற்றி எரர் வந்தால்தான் பயப்பட வேண்டும். அந்த டிஸ்கையும் அவர் கண் முன்னாலேயே சோதித்தேன், நன்றாக இருந்தது. பிறகு அக்காவின் பார்டர்களைத் திறந்து காட்டினேன். கடைசியாக வரைந்ததில் பாதி மயில்தான் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் அவர் அணைப்பதில்லை. புதிதாக ஒரு வரி வந்தால் படம் பிடித்து அனுப்புவார், நான் பார்த்துச் சொல்வேன். போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"தல சுத்துதுன்னியே, இன்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல பாவா."

"பாத்துட்டு சொல்றியா, பாக்காம சொல்றியா?"

நான் பேச்சை மாற்றிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில், ஓடும் தறியை நிறுத்திவிட்டு, பாவா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.