பன்னிரண்டு பேர் தூக்கிய கார்

விருதுநகரில் நான் பிரசவ ஆஸ்பத்திரி வைத்த இரண்டாவது வருஷம், ஆமத்தூரிலிருந்து ஒரு காலையில் ஆள் வந்தது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க முடியாமல் மாட்டுவண்டியில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெண்கள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிறந்து, தாய்க்கு ரத்தம் நிற்காமல் உயிர் போய்விட்டது. அதை நிறுத்துகிற ஊசி வழியெல்லாம் என் மடியிலிருந்த பெட்டிக்குள் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, எனக்கு ஒரு கார் வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சைக்கிளைத் தவிர எந்த வண்டியையும் நம்பாதவர். ஆனாலும் அடுத்த வாரம் அவரே ஒரு சேதி கொண்டுவந்தார். கண்மாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த இஞ்சினீயர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார். போகுமுன் தன் காரை விற்கப் பார்க்கிறார் என்று.

உலகச் சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து வந்த வண்டி அது. பேபி கார் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளுத்துப்போன பச்சை நிறம், இரண்டு கதவு, பேருக்கு நாலு சீட்டு. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். பக்கத்தில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினால் இது கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். இன்னும் இரண்டு பேர் அதைக் கேட்டிருந்தார்களாம். இஞ்சினீயர் என்னிடம் எதற்குக் கார் என்று கேட்டார். ஆமத்தூரில் நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கண்மாய்க் கரை மேலெல்லாம் இதில்தான் போயிருக்கிறாராம். ஒரு கேலன் பெட்ரோலுக்கு நாற்பது மைல் போகுமென்றும், விரட்டாமல் ஓட்டினால் எங்கேயும் கைவிடாதென்றும் சொன்னார்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பிட்டர் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே வத்தல் காயப்போடுகிற பொட்டலில்தான் பயிற்சி. மிளகாய் நெடியில் தும்மல் வந்தால் கை தானாக ஸ்டியரிங்கை விட்டுவிடும். மூன்றாம் நாள் அப்படித்தான் தும்மிக்கொண்டே போய் ஒரு வத்தல் அம்பாரத்துக்குள் முன்சக்கரத்தை ஏற்றிவிட்டேன். களத்துப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் போனபோது அம்பாரத்தை எல்லாம் பத்தடி தள்ளிக் குவித்திருந்தார்கள்.

ஊரில் பெரிய கார்கள் இருந்தன. எண்ணெய் வியாபாரிகளும் பருப்பு வியாபாரிகளும் வைத்திருந்தார்கள். அவை தார் ரோட்டை விட்டு இறங்காது. என் பச்சைக் கார் பருத்திக்காட்டு வண்டித்தடத்தில் போகும், சந்துக்குள் நுழையும், கோயில் முன்னால் திரும்பும். பெட்ரோல் கிடைக்காத ஊர்களுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதும் டாங்கியில் மிச்சம் இருக்கும். அது கேட்பதெல்லாம் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் கூட வருவார், மடியில் ஒரு வாளித் தண்ணீரோடு. மேட்டில் ஏறி ரேடியேட்டர் ஆவி விட ஆரம்பித்ததும், நான் சொல்லாமலே இறங்கி ஊற்றுவார். நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுவர வழியில்லையே என்று ஒருமுறை சொன்னேன். அவர் அளவெடுத்து, பிட்டரிடம் சொல்லி, முன்னால் இடதுபக்கத்து சீட்டை இரண்டு போல்ட்டைக் கழற்றினால் தனியே வருகிற மாதிரி செய்ய வைத்தார். காலை மடக்கி ஒரு ஆள் படுக்கலாம்.

அந்த ஏற்பாடு எதற்காயிற்று என்றுதான் சொல்ல வந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து காலையில் ஒருவர் நனைந்து வந்து நின்றார். அங்கே நிலம் நீச்சு உள்ள ஒரு குடும்பம். அந்த வீட்டு மருமகளை ஏழாம் மாதத்தில் நான் பார்த்திருந்தேன். முந்தின நாளிலிருந்து வலி, இன்னும் பிறக்கவில்லை என்றார். என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். வந்தவரையே வாளியோடு ஏற்றிக்கொண்டு, சாத்தூர் வழியாகக் கிளம்பினேன்.

ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது ஒரு ஓடை. ரோடு அதற்குள் இறங்கி ஏறும். மற்ற நாளில் மணல்தான் கிடக்கும். அன்றைக்கு முழங்காலுக்கு மேல் செம்மண் தண்ணீர் ஓடியது. இந்தக் கரையில் ஒரு பட்டாசுக் கம்பெனி. மழையில் வெடிமருந்து வேலை பார்க்க முடியாது என்பதால் ஆட்கள் எல்லோரும் ஷெட்டில் சும்மா நின்றார்கள். கம்பெனி முதலாளியின் நீளமான கார் தண்ணீருக்கு முன்னால் நின்றிருந்தது. இஞ்சினுக்குள் தண்ணீர் போனால் போச்சு என்று அதன் டிரைவர் கையை விரித்தார். அக்கரையில் நோயாளியின் மாமனார் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

நடந்து கடக்கலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகினேன். ஆனால் கடந்து என்ன செய்வது? கரிசல் சகதியில் மாட்டுவண்டி மூன்று மைல் போகவே மத்தியானம் ஆகிவிடும். ஷெட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கத்தில் கையைக் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

"எங்க அம்மன் சப்பரம் இதைவிடக் கனம், டாக்டரம்மா. தூக்கிருவோம். நீங்க உள்ளயே இருங்க" என்றார்.

அப்போதும் யாரும் காரில் கை வைக்கவில்லை. எல்லோரும் அக்கரையைப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். இவர்களுடைய தகப்பன்மார் அந்த மனிதரின் நிலத்தில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி வந்ததும் பிள்ளைகள் இங்கே வந்துவிட்டார்கள். களையெடுக்க ஆளில்லை என்று அவர் போனமுறை என்னிடமே குறைப்பட்டிருந்தார். இவர்களை எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். பேசியாக வேண்டியிருந்தால் 'ஏலே' தவிர வேறு வார்த்தை வராது.

மாமனார் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு அடி வந்தார். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் கை குடுங்கய்யா. பிள்ளை துடிச்சிக்கிட்டிருக்கு" என்றார்.

முன்னால் நின்ற அந்த நாற்பது வயதுக்காரர் திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பட்டாசு மருந்தில் விரலெல்லாம் வெள்ளியாக மின்னியது. கார் லேசாகக் குலுங்கி மேலே எழும்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நானே ஓட்டுகிற மாதிரி. பாதி ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. உடனே, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அந்த இடத்தைப் பிடித்தார். அக்கரையில் வைத்தார்கள். ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டில் போய்ப் பார்த்தால் குழந்தை குறுக்கே கிடந்தது. பனிக்குடம் உடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்திருந்தது. அந்த விரல்களைத் தொட்டதும் என் விரலை அவை பிடித்தன. அங்கே என்னால் ஒன்றும் செய்ய முடியாது. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் மிஞ்சும். சீட்டைக் கழற்றி, மெத்தையை மடித்துப் போட்டு, இடுப்பு உயரமாக இருக்கும்படி அந்தப் பெண்ணைப் படுக்கவைத்தோம். அவளுடைய அம்மா பின்னால் குத்துக்காலிட்டு மகளுடைய தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடையில் அந்தப் பன்னிரண்டு பேரும் போகாமல் நின்றிருந்தார்கள். ஷெட்டுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு நீளக் கம்புகளைக் காருக்கு அடியில் கொடுத்தார்கள். அவளை இறக்கி ஏற்றினால் ஆபத்து என்று நான் சொன்னேன். ஆளோடேயே தூக்குவதாக அவர்களே சொன்னார்கள். இந்த முறை நான் இறங்கி, ஜன்னலுக்குள் கையை விட்டு அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே தண்ணீரில் நடந்தேன். மாமனாரும் ஒரு கம்பு முனையில் இருந்தார், அவருக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஆட்கள்.

அங்கிருந்து விருதுநகர் வரை அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். மேட்டில் ஆவி விட்டது, நான் நிறுத்தவில்லை. விரட்டக்கூடாது என்று இஞ்சினீயர் சொன்னதை மறந்து விரட்டினேன். அது பொறுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ரேடியேட்டர் மூடி தெறித்து விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. ஆபரேஷனில் இரண்டு உயிரும் மிஞ்சின. ஆண் குழந்தை. வெளியே வந்திருந்த கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நாலாம் நாள் அந்தக் கையால் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் கூட்டாளி டாக்டர் ஒருத்தி வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, "இதிலயா கொண்டு வந்த?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட பெருமை, பிற்காலத்தில் புதுக் கார் வாங்கியபோதுகூட ஏற்படவில்லை.

பதினைந்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மழை விட்டிருந்தது. ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தச் சொன்னார். தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்த நேரம், உள்ளே கொஞ்சம் பேர்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் இறங்கி, கேட்டில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெயிலில் நின்றார். அன்றைக்கு முதலில் காரைத் தூக்கிப் பார்த்தாரே, அவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு அந்த நாற்பது வயதுக்காரர் காரருகே வந்து, குனிந்து, பின்னால் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"கை நல்லா இருக்கா?" என்று கேட்டார். தாய் துணியை விலக்கிக் கையைக் காட்டினாள். ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மாமனார் வந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போகலாம் தாயி" என்றார். நான் இறங்கிப் போய் ஹேண்டிலைச் சுற்றினேன்.