மின்விசிறி திருப்பிய பக்கம்

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஒரே ஒரு பாடத்தை மட்டும் உருப்போட வைப்போம். அவர் வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து கையில் கொடுப்போம். நானும் வருடக்கணக்கில் இதைச் செய்திருக்கிறேன். சீ, சொல்லவே வாய் கூசுகிறது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா பக்கத்துக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கையெழுத்துப் போடுவாள், அதற்குமேல் ஒரு எழுத்து தெரியாது. மகளுக்கும் பாதி எழுத்துகள் பிடிபடவில்லை. ஆனால் குரல் கணீரென்று இருக்கும். முயல் பாடத்தை இரண்டே நாளில் உருப்போட்டுவிட்டாள்.

அதிகாரி முன்னால் வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பித்தாள். பாதியில் மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டு மழைப் பாடம் வந்து நின்றது. விரல் மழையின்மேல் ஓடுகிறது, வாயிலிருந்து முயல் வருகிறது! அந்த மனிதரோ கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வெரி குட்" என்று சொல்லி, சரளமாக வாசிக்கிறாள் என்று பதிந்துவிட்டு, தலைமையாசிரியை நீட்டிய இளநீரை உறிஞ்சினார். குமட்டிக்கொண்டு வந்தது. வந்து என்ன? நான் வாயைத் திறந்தேனா?

தனியாக உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்ததும் நான்தான். அந்த வாரமே பெற்றோர் கூட்டத்தில், "உங்க பொண்ணு நல்லா படிக்கிறாம்மா" என்று அவள் அம்மாவிடம் பல்லைக் காட்டினேன். அந்த முகம் பூரித்துப்போனதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தாள்.

"டீச்சர், இதுல இன்னா எழுதிக்குதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க. கம்பெனி கேட்டாண்ட வாட்ச்மேன் உள்ளயே உடமாட்றான்."

சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து.

"ஏம்மா, என்னா ஏதுன்னு கேக்காமலா கையெழுத்து போட்ட?" என்று கத்திவிட்டேன்.

"கேக்காம இன்னா டீச்சர்? சூப்பர்வைசர் குடுத்ததும் ஊட்டுக்கு எடுத்தாந்து பாப்பாகிட்டதான் குடுத்தேன். வெரல வெச்சிக்கினு கடகடன்னு படிச்சிது. அம்மாவுக்கு ஒரு வாரம் லீவு குடுக்குறாங்கன்னு சொல்லிச்சி. அப்புறந்தான் போட்டேன். நீங்கதான சொன்னீங்க, நல்லா படிக்குதுன்னு."