கன்ட்ரோலருக்குப் பின்னால் இருந்தது

பாட்டில்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் ரோபோவுக்கு மூளை என்று ஒன்று உண்டென்றால், அது மேசைக்கடியில் கிடக்கும் அந்தக் கன்ட்ரோலர்தான். பார்க்க ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும். ஆனால் நான்கு நாளாக எலக்ட்ரீஷியனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் அவருக்கு ‘ஃபியூஸ்’ என்று பட்டப்பெயர், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார் என்பதால். இந்த நான்கு நாளில் அந்தப் பெயரை நன்றாகவே காப்பாற்றினார்.

தினமும் பன்னிரண்டு இருபது வாக்கில் ரோபோ பாட்டிலைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிடும். திரையில் ‘அதிக வெப்பம்’ என்று வரும். இவர் கட்டடத்தின் மறுகோடியிலிருந்து கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். குனிந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. விசிறி சுற்றும், தூசி வடிகட்டி பளிச்சென்று இருக்கும், ஒரு வயர்கூடத் தளர்ந்திருக்காது. மறுபடி இயக்கினால் நல்ல பிள்ளையாக மாலைவரை ஓடும். அட, பழுது என்றால் பழுதாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா! விசிறியையே புதிதாக மாற்றினார். மறுநாளும் நின்றது.

இத்தனைக்கும் அதைப் பொருத்தியவரே அவர்தான். பின்பக்கம் சூடான காற்று வெளியேறச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். ‘இதன் மேல் எதையும் வைக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்.

வியாழக்கிழமை மாலை மேனேஜர் கூப்பிட்டார். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் பராமரிப்பு வெளி கம்பெனிக்குப் போய்விடும், நீங்களும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ சர்வீஸ். ஃபைலில் ஒரு மெமோ கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்திருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது தட்டை ணங்கென்று வைத்தார். பேச்சை மாற்ற, ஞாயிற்றுக்கிழமை தான் வாங்கிக் கொடுத்த ஸ்டீல் சாப்பாட்டு டப்பா எப்படி என்று அவள் கேட்டாள். சாப்பாடு சுடச்சுட இருக்கிறது, இந்த வாரம் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்றார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கன்ட்ரோலருக்கு எதிரில் உட்கார்ந்தார். இன்று நீயா நானா பார்த்துவிடுகிறேன் என்று முறைத்தார்.

பதினொன்றரைக்குத் தரை துடைக்கும் அக்கா வந்தார். ஒரு கையில் துடைப்பான், இன்னொரு கையில் இவருடைய ஸ்டீல் டப்பா. இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குனிந்து, டப்பாவைச் சுவருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே, காற்று வெளியேறும் துவாரத்தை அடைத்தாற்போல் செருகினார்.

இவர் ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தார். “என்னக்கா இது?”

“உங்க டப்பாதான் தம்பி. தினம் ஆறிப்போனதைத் தின்னுட்டுத்தானே எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறீங்க. பழசு பிளாஸ்டிக்கு, உருகிடும்னு விட்டுட்டேன். இது நல்லா சூடேறுது. மணி அடிச்சதும் எடுத்துத் திரும்ப உங்க மேசையிலயே வச்சிடுவேன்.”

“அங்க எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கலையா?”

“படிச்சேனே. மேல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. மேல வைக்கலையே.”

நான்கு நாள் ஆத்திரத்தையும் சேர்த்துக் கத்தப் போனார். அப்போதுதான் மேனேஜர் அந்தப் பக்கம் வந்து, காரணம் கிடைத்ததா என்று கேட்டார். அக்கா தினக்கூலி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலைக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

“கிடைச்சுது சார். சூடாகட்டும்னு என் சாப்பாட்டு டப்பாவை நான்தான் தினமும் பின்னாடி வச்சிட்டிருந்தேன்.”

அக்கா வாயைத் திறந்தார். இவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். மேனேஜர், படித்தவன் செய்கிற வேலையா இது என்று நாலு பேர் பார்க்கத் திட்டித் தீர்த்தார். இனி ரோபோ நிற்காது என்பதால் வேலை தப்பியது. அரை மணியில் மெமோ கைக்கு வந்தது.

பன்னிரண்டு இருபது தாண்டியும் ரோபோ பாட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தது. சாப்பாடு சில்லிட்டுப் போயிருந்தது. ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி, இன்றைக்கும் சூடாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார். மெமோவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.