கதவோர மேசை

ஆண்டு விருந்துக்கு ஆட்டக்காரியைக் கூப்பிடலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து, கெய்ரோவில் அந்தத் தரை ஓடு கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும். இப்திஹாலுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விற்பனைப் பிரிவில் பதினெட்டு வருஷம் செருப்புத் தேய அலைந்தவள் அவள். அலெக்சாந்திரியா கிளைக்கு மேலாளர் யார் என்பதை இந்த விருந்தில்தான் அறிவிக்கப் போகிறார்கள். அவள் பெயர்தான் அடிபட்டது. அந்த நாற்காலிமேல் அவளுக்கு ஆசை இருந்தது, இல்லை என்று அவள் நடிக்கவும் இல்லை.

"ஆட்டம் இல்லேன்னா வியாபாரிங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப் போயிடுமே," என்றார் எல்லாரும் பாஷா என்று கூப்பிடும் முதலாளி மம்தூஹ்.

"ஹராம் பாஷா, பாவம்," என்றார் கணக்குப் பிரிவு அப்துல் முஃதி. "போன வருஷம் நான் குனிஞ்ச தலை நிமிரலையே!"

முன்வரிசையில் இமை கொட்டாமல் அவர் உட்கார்ந்திருந்த லட்சணத்தை ஊரே பார்த்திருந்தது.

"இப்திஹால், நீ பொம்பளை. நீயே சொல்லிடு," என்றார் மம்தூஹ்.

கடைசியில் தன் தலையில்தான் கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஆட்டம் முடிந்த கையோடு ஒரு வியாபாரி, தரை ஓட்டின் விலையைக் கேட்டபடியே அவளைத் தலைமுதல் கால்வரை அளந்தான்.

"வேண்டாம்," என்றாள்.

விருந்தன்று மேளக்காரர்கள் மட்டும் வந்தார்கள். இப்திஹால் வழக்கம்போல, சட்டென்று எழுந்து வெளியே போக வசதியாக, கதவோர மேசையில் இருந்தாள். புறாக்கறித் தட்டுகள் காலியானதும் வியாபாரிகள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். மம்தூஹ் சுற்றுமுற்றும் பார்த்தார். இப்திஹாலின் நாற்காலியில் கிடந்த சால்வையை உருவி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரவ்னக்கின் இடுப்பில் கட்டிவிட்டார்.

"நம்ம வீட்டு விசேஷம்தானே கண்ணு, ஒரே ஒரு சுத்து!"

அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். கைதட்டல் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வரும். இப்திஹால் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆட்டக்காரி வேணாம்னது நீதானே?" மம்தூஹ் சிரிப்பு மாறாமல் கேட்டார். "அப்ப யாரு ஆடுறது? நீயா?"

"ஆட்டக்காரியாவது ஆடுறதுக்குன்னு வந்தா பாஷா. இவ பில்லு போட வந்தவ."

மேளம் நின்றுபோயிற்று. அலெக்சாந்திரியா அப்துல் முஃதிக்குப் போனது. குனிந்த தலையோடு அவர் மேடையேறியபோது எல்லாரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். உள்ளே எரிந்தது.

ரவ்னக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த வருஷமும் நான் வரணுமா மேடம்?"

வராதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விருந்துக்கு வராதவர்களை இந்தக் கம்பெனி என்ன செய்யும் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

"வந்துதான் ஆகணும்மா," என்று சால்வையைப் போர்த்திக்கொண்டாள். "என் மேசைக்கே வந்துடு. கதவுப் பக்கத்து நாற்காலிய நீ எடுத்துக்கோ."